"மாசம் 2,000 தானே அண்ணா?" ஹெட்போன் வாங்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



சில மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என் சித்தி பையன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன், விலை 24,000 ரூபாய். அதுக்குக் கீழே கொட்டை எழுத்துல "நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 2,000 மட்டும்". கூடவே அவனோட ஒரே ஒரு வரி: "மாசம் 2,000 தானே அண்ணா, வாங்கிடவா?"

அவனுக்கு வயசு 23. சிறுசேரியில ஒரு ஐடி கம்பெனியில சேர்ந்து ஏழு மாசம் ஆகுது. பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்றது 31,000. தாம்பரத்துல இருந்து கம்பெனி பஸ்ல போக வர தினமும் ரெண்டரை மணி நேரம். அந்த ரெண்டரை மணி நேரமும் போன்ல பாட்டுதான்.

நான் ஒரு சிஏ. இப்படி ஒரு கேள்வி வந்தா என்கிட்ட ரெடிமேட் பதில் இருக்கும்னு நீங்க நினைப்பீங்க. "வேண்டாம்டா, 400 ரூபாய்க்கு ஒரு இயர்போன் வாங்கிக்கோ, மிச்சத்தை எஸ்ஐபில போடு." ஆனா அந்தப் பதிலை என்னால டைப் பண்ண முடியலை. ஏன்னா அந்த 400 ரூபாய் இயர்போன் போட்ட பையன் நான்தான். அதுக்கான உண்மையான பில் எனக்குப் பதினோரு வருஷம் கழிச்சு வந்தது.

நான் மிச்சம் பிடிச்ச கதை

2011. ஆர்டிகிள்ஷிப்ல சேர்ந்த வருஷம். ஸ்டைபெண்ட் மாசம் 2,000 ரூபாய். கூடுவாஞ்சேரியில இருந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் தினமும் எலக்ட்ரிக் ட்ரெயின். ஒரு 4 ஜிபி எம்பி3 ப்ளேயர் வெச்சிருந்தேன். அதோட வந்த இயர்போன் மூணே மாசத்துல ஒரு பக்கம் செத்துப்போக, ஸ்டேஷன் வாசல்ல புதுசு வாங்கினேன். காதுல சும்மா தொங்கும், துளையை அடைக்காது. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும்.

கதவுப் பக்கம் நிக்கற ஆளுக்கு அந்த ட்ரெயின் சத்தத்துல பாட்டு கேக்கணும்னா ஒரே வழிதான். வால்யூமை ஏத்தணும். என் ப்ளேயர்ல மொத்தம் 30 புள்ளி. நான் 27ல வெச்சுத்தான் கேப்பேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாள், நாலு வருஷம்.

2022ல ஒரு ஹெல்த் செக்கப் பேக்கேஜ் எடுத்தேன். அதுல காது டெஸ்டும் இருந்தது. ரிப்போர்ட்ல ரெண்டு காதுக்கும் கோடு நேரா போயிட்டு, 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்துல விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. டாக்டர் பாத்துட்டு, "ஃபேக்டரியில மிஷின் பக்கத்துல வேலையா?"ன்னு கேட்டார். "இல்ல டாக்டர், ஆடிட்டர்." "அப்ப இயர்போன்." அவ்வளவுதான் சொன்னார்.

உள்காதுல சத்தத்தை உணர்ற நுண்ணிய முடி செல்கள் இருக்கு. அதிக சத்தத்துல அது செத்தா திரும்ப முளைக்காது. ராத்திரி ஃபேனை நிறுத்தினா என் காதுல மெல்லிசா ஒரு 'ங்ஙீ' சத்தம் ஓடும். ஹோட்டல்ல நாலு பேர் ஒரே நேரத்துல பேசினா, எதிர்ல இருக்கறவர் சொல்றதுல பாதி எழுத்து விழாது. உதட்டைப் பாத்து ஊகிச்சுக்கறேன். வயசு இப்போ முப்பத்தஞ்சுகூட ஆகலை.

அதனாலதான் தம்பிக்கு உடனே "வேண்டாம்"னு சொல்லாம, ஃபோன் பண்ணி உக்கார வெச்சு ஒரு கணக்கு போட்டோம். அதே கணக்கைத்தான் இங்க தர்றேன். (இது ஸ்பான்சர் பதிவு இல்ல. எந்த பிராண்டோட லிங்க்கும் கீழே இருக்காது.)

காதுக்கும் ஒரு பட்ஜெட் உண்டு

பெரியவங்க பாதுகாப்பா கேக்கறதுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவு சொல்லுது. 80 டெசிபல் சத்தத்துல வாரத்துக்கு 40 மணி நேரம். இதை உங்க வாராந்திர பட்ஜெட்னு வெச்சுக்கோங்க.

இதுல ஒரு கூட்டு வட்டி இருக்கு, நமக்கு எதிரா வேலை செய்யற கூட்டு வட்டி. சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிச்ச நேரம் பாதியா குறையும்.

- 80 டெசிபல்: வாரம் 40 மணி நேரம்
- 83 டெசிபல்: 20 மணி நேரம்
- 86 டெசிபல்: 10 மணி நேரம்
- 90 டெசிபல்: 4 மணி நேரம்

இப்போ தம்பியோட பஸ்ஸை எடுத்துக்குவோம். உள்ளே 80 டெசிபல் இரைச்சல்னு வெச்சுக்கலாம். காதை அடைக்காத இயர்போன்ல பாட்டு தெளிவா கேக்கணும்னா இரைச்சலுக்கு மேல ஒரு 10 டெசிபலாவது ஏத்துவோம். அப்போ 90. அந்த அளவுல வாரத்துக்கு 4 மணி நேரம்தான் பட்ஜெட். அவன் கேக்கறதோ பன்னிரண்டரை மணி நேரம். மூணு மடங்கு ஓவர்டிராஃப்ட். வாரா வாரம்.

இதே பஸ்ல, காதுத் துளையை நல்லா அடைக்கிற இயர்போன் போட்டா? சரியா பொருந்தினா வெளிச்சத்தம் 15ல இருந்து 25 டெசிபல் வரைக்கும் குறையும். நடுவுல 20னு வெச்சா, 80 இரைச்சல் காதுக்குள்ள 60தான். பாட்டு 70 இருந்தாலே போதும். பட்ஜெட் பக்கமே போகலை.

பாட்டு அதே. பஸ் அதே. கேக்கற நேரமும் அதே. மாறினது ஒரு ரப்பர் முனை மட்டும்தான். ஹெட்போனுக்கு நீங்க கொடுக்கற காசுல முதல் ரூபாய் எங்க போகணும்னு இதுலயே தெரிஞ்சுடும்.

காசு எந்த வரிசையில போகணும்?

முதல்ல பொருத்தம். இன்-இயர் வாங்கினா பெட்டியில சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு சைஸ் ரப்பர் முனை இருக்கும். பெரும்பாலானவங்க மாட்டி வந்த சைஸை மாத்தவே மாட்டாங்க. மூணையும் போட்டுப் பாருங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் சரியா வரணும்னு அவசியமில்ல. பாட்டு போடாமலே ஃபேன் சத்தம் சட்டுனு மங்கணும். பாட்டு போட்டா பேஸ் அழுத்தமா கேக்கணும். தலையை ஆட்டும்போது பேஸ் காணாம போனா, முனை சரியா உக்காரலைன்னு அர்த்தம். ரப்பர் சரிப்படாதவங்களுக்கு ஃபோம் முனை தனியா கிடைக்கும். "இந்த இயர்போன்ல பேஸே இல்ல"ன்னு ரிவ்யூ எழுதறவங்கள்ல பல பேர் மாட்டியிருக்கறது தப்பான சைஸா இருக்கும்.

ரெண்டாவது, நாய்ஸ் கேன்சலிங் வேணுமா? பஸ் எஞ்சின், ஏசி, ட்ரெயின் மாதிரி ஒரே சீரா உறுமற தாழ்ந்த சத்தத்தை இது நல்லா குறைக்கும். பக்கத்து சீட்காரர் போன்ல பேசறதை அந்த அளவுக்குக் குறைக்காது. தினமும் ரெண்டு மணி நேரம் பயணம் செய்யறவருக்கு இது வெட்டிச் செலவு இல்ல. வீட்ல அமைதியான ரூம்ல கேக்கறவருக்கு இதுக்குத் தனியா காசு கொடுக்க வேண்டியதில்ல.

மூணாவதுதான் சவுண்ட் குவாலிட்டி. வயர்டு இன்-இயர்ல 1,500ல இருந்து 2,500 ரூபாய்க்குள்ளயே இன்னைக்கு அசந்துபோற மாதிரி சவுண்ட் கிடைக்குது. அதுக்கு மேல விலை ரெண்டு மடங்கு ஆகும்போது தரம் ரெண்டு மடங்கு ஆகறதில்ல.

இனி எதுக்குக் காசு கொடுக்க வேண்டாம்? "பெரிய டிரைவர், 13 மில்லிமீட்டர்"னு போட்டிருந்தா அது சைஸ் மட்டும்தான், தரத்துக்கு அளவுகோல் இல்ல. கேமிங் லைட்டு, கேஸ்ல டிஸ்ப்ளே, பிரபலத்தோட கையெழுத்து, இதெல்லாம் காதுக்குள்ள போகாது.

உங்க ப்ளேயரோட சேருமா?

1979ல சோனி வாக்மேன் வந்தப்போ ஹெட்போன் பெட்டியிலேயே சேர்ந்து வந்தது. 2001ல வந்த ஐபாடும் அப்படித்தான், அந்த வெள்ளை இயர்போன்தான் அதோட அடையாளமே. 2016ல ஐபோன் 7 வந்தப்போ 3.5 மில்லிமீட்டர் ஓட்டை காணாம போச்சு. 2020ல ஐபோன் 12 பெட்டியில இயர்போனும் காணாம போச்சு. மத்த கம்பெனிகளும் ஒவ்வொண்ணா பின்னாடியே வந்தாங்க. அக்கவுண்ட்ஸ் பாஷையில சொன்னா, அவங்க செலவுல இருந்தது நம்ம செலவுக்கு மாறிடுச்சு. அதனால வாங்கறதுக்கு முன்னாடி இந்த நாலையும் பாத்துடுங்க.

ஒண்ணு, ஓட்டை. போன்ல 3.5 ஓட்டை இல்லைன்னா வயர்டுக்கு டைப்-சி டாங்கிள் வேணும். சில விலை குறைஞ்ச டாங்கிள்ல டிஏசி சிப் இருக்காது. அது எல்லா போன்லயும் வேலை செய்யாது. டிஏசி உள்ளே இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

ரெண்டு, இம்பீடன்ஸ். 16ல இருந்து 32 ஓம் வரைக்கும் போன், சின்ன ப்ளேயர் எல்லாத்துலயும் தாராளமா ஓடும். 250, 300 ஓம் ஸ்டூடியோ மாடல் ஆஃபர்ல கிடைக்குதேன்னு வாங்கினா சத்தம் பத்தாது. அப்புறம் ஆம்ப்ளிஃபயருக்குத் தனியா அழணும்.

மூணு, சென்சிட்டிவிட்டி. 95 டெசிபல், 110 டெசிபல்னு பெட்டியில போட்டிருக்கும். அதே ஓம் இருந்தா, ஒரே வால்யூம் புள்ளியில ரெண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம் வரும். "60 சதவீத வால்யூம்ல கேட்டா பாதுகாப்பு"ன்னு சொல்றாங்களே, அது எந்த ஹெட்போன்ல 60ங்கறதைப் பொறுத்தது. நம்பரை மட்டும் நம்பாதீங்க.

நாலு, ப்ளூடூத் கோடெக். எல்டேக் இருக்குன்னு கூடுதல் காசு கேப்பாங்க. உங்ககிட்ட ஐபோன் இருந்தா அது எஸ்பிசி, ஏஏசி ரெண்டை மட்டும்தான் அனுப்பும். உங்க போனால பயன்படுத்தவே முடியாத வசதிக்கு நீங்க பணம் கட்டுவீங்க.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

விலையைப் பாத்து மலிவா, காஸ்ட்லியான்னு முடிவு பண்ணாதீங்க. மொத்தச் செலவை மொத்த மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. தம்பியோட கணக்கு: தினம் ரெண்டரை மணி நேரம், வருஷத்துக்கு 240 வேலை நாள், ஆக 600 மணி நேரம். எவ்வளவு நாள் உழைக்கும்ங்கறது என் அனுபவத்துல போட்ட அனுமானம். உங்களோடதைப் போட்டுக்கோங்க.

- சாதா இயர்போன்: 400 ரூபாய், 8 மாசம், 400 மணி நேரம். மணிக்கு 1 ரூபாய்.
- காதை அடைக்கிற வயர்டு இன்-இயர்: 1,800 ரூபாய், நடுவுல கேபிளும் முனையும் மாத்த 600. நாலு வருஷம், 2,400 மணி நேரம். மணிக்கு 1 ரூபாய்.
- நாய்ஸ் கேன்சலிங் உள்ள வயர்லெஸ் பட்ஸ்: 5,500 ரூபாய், ரெண்டரை வருஷம், 1,500 மணி நேரம். மணிக்கு 3 ரூபாய் 67 காசு.
- அந்த 24,000 ரூபாய் ஹெட்போன்: குஷன் மாத்த 1,500 சேத்து 25,500. அஞ்சு வருஷம், 3,000 மணி நேரம். மணிக்கு 8 ரூபாய் 50 காசு.

முதல் ரெண்டு வரியைத் திரும்பப் படிங்க. நான் 2011ல "மிச்சம்" பிடிச்சேன்னு நினைச்ச இயர்போனும், காதைக் காப்பாத்தியிருக்கக்கூடிய இயர்போனும் மணிக்கு ஒரே விலைதான். வயர் அறுந்தா கேபிளை மட்டும் கழட்டி மாத்தற மாடலா பாத்து வாங்கணும், அவ்வளவுதான்.

வயர்லெஸ் பட்ஸ்ல ஒண்ணு கவனிக்கணும். அதுல இருக்கற குட்டி லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஆனதும் சோர்ந்துடும். பெரும்பாலான மாடல்ல பேட்டரியை மாத்த வழியே இல்ல. நான் இதுவரை வாங்கின ரெண்டு செட்டும் ரெண்டரை வருஷத்தைத் தாண்டலை. அதனால அதை சொத்தா நினைக்காதீங்க. சந்தா மாதிரி, மாசம் இவ்வளவுன்னு நினைச்சுக்கோங்க. 5,500ஐ 30 மாசத்தால வகுத்தா மாசம் 183 ரூபாய். அது உங்களுக்கு ஓகேவா?

நோ காஸ்ட் இஎம்ஐயோட காஸ்ட்

சரி, அந்த 2,000 ரூபாய்க்கு வருவோம். வட்டியே இல்லாம எந்த வங்கியும் கடன் கொடுக்கறதில்ல. கிரெடிட் கார்டுல "ஜீரோ சதவீத வட்டி"ன்னு சொல்லி உண்மையான வட்டியை மறைக்கறதை ரிசர்வ் வங்கி 2013லயே கண்டிச்சது. இப்போ நடக்கறது வேற மாதிரி. விற்பனையாளர் வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி தருவார், வங்கி அந்த வட்டியை உங்ககிட்ட வசூலிக்கும். கூட்டிக் கழிச்சா சமம்னு தோணும். ஆனா சமம் இல்ல.

கணக்கு: 24,000 ரூபாய், 12 மாசம், வங்கி வட்டி 16 சதவீதம்னு வெச்சுக்குவோம்.

- வட்டியைத் தள்ளுபடியா கழிச்சதும் கடன் தொகை: சுமார் 22,043
- 12 மாசத்துல வட்டி: சுமார் 1,957
- அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி: 352 (இது உங்க தலையில)
- ப்ராசஸிங் கட்டணம் 199, அதுக்கு ஜிஎஸ்டி சேத்து: 235
- கூடுதலா நீங்க கட்டறது: 587

587 பெருசா தெரியலை இல்லையா? இப்போ இன்னொண்ணு பாருங்க. அதே பக்கத்துல மொத்தப் பணமும் கட்டினா கார்டுக்கு 1,500 ரூபாய் உடனடித் தள்ளுபடி இருந்தது. இஎம்ஐ எடுத்தா அது கிடையாது. ஆக, 22,500க்கு கிடைக்கற பொருளுக்கு 24,587 கட்டறான். வருஷ வட்டியா மாத்தினா ஏறத்தாழ 17 சதவீதம். பர்சனல் லோன் விலை.

அதோட கார்டு லிமிட்ல அந்தத் தொகை முடங்கி நிக்கும், மாசா மாசம் கட்டக் கட்டத்தான் விடுபடும். தம்பிகிட்ட இதைச் சொல்லிட்டு, "உனக்கு வேற என்னடா இஎம்ஐ இருக்கு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பைக்குக்கு 3,400. போனுக்கு 2,500. இதையும் சேத்தா 7,900. சம்பளத்துல கால்வாசி, ஏழே மாசத்துல. ஒவ்வொண்ணும் தனியா பாக்கும்போது "இவ்வளவுதானே"தான். "தானே"ங்கற வார்த்தையைத்தான் அவங்க விக்கறாங்க.

இடையில நிறைய பேர் கேக்கற ஒரு கேள்வி: "வொர்க் ஃப்ரம் ஹோமுக்குன்னு வாங்கினா வருமான வரியில காட்டலாமா?" சம்பளக்காரங்களுக்கு அப்படித் தனிக் கழிவு கிடையாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோட முடிஞ்சது. ஆனா ஆபீஸ் காலுக்காக மட்டும் வேணும்னா முதல்ல உங்க ஐடி டீம்கிட்ட கேளுங்க. சில கம்பெனிகள் ஹெட்செட் கொடுக்கும், நாமதான் கேக்கறதில்ல.

பில்லை விட்டுடாதீங்க

என் ரெண்டாவது பட்ஸ் பதினோராவது மாசம் ஒரு பக்கம் நின்னுபோச்சு. வாரண்டி ஒரு வருஷம். பில்லைத் தேடி எடுத்தா வெறும் வெள்ளைத் தாள். தெர்மல் பேப்பர்ல அடிச்ச எழுத்து மொத்தமா மங்கிப்போச்சு. சர்வீஸ் சென்டர்ல முடியாதுன்னுட்டாங்க. ஊருக்கெல்லாம் "டாக்குமெண்ட் வெச்சுக்கோங்க"ன்னு சொல்ற ஆடிட்டருக்கு நடந்த கதை இது. வாங்கின அன்னைக்கே பில்லை போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணிடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, ஜிஎஸ்டி பில் கேளுங்க. "பில் இல்லாம 200 குறைச்சுத் தரேன்"னா அந்த 200க்கு உங்க வாரண்டியை வித்துட்டீங்கன்னு அர்த்தம். பில் இருந்தும் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிடலாம். அதுக்கும் மசியலைன்னா நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

தம்பி என்ன பண்ணினான்?

நான் எதையும் முடிவா சொல்லலை. "ஷோரூம் போய் ஒரு அரை மணி நேரம் தலையில மாட்டிட்டு நில்லு, அப்புறம் சொல்லு"ன்னேன். போனான். சாயங்காலம் ஃபோன் பண்ணி, "அண்ணா, சவுண்ட் சூப்பர். ஆனா காது வேர்த்து ஒழுகுது, அதுவும் ஏசி ஷோரூம்லயே"ன்னான். மே மாசம் தாம்பரம் பஸ் ஸ்டாப்பை நினைச்சுப் பாத்திருப்பான்.

ரெண்டு மாசம் அந்த 2,000த்தை இஎம்ஐ கட்டற மாதிரியே தனியா எடுத்து வெச்சான். மூணாவது சம்பளத்துல 5,500க்கு நாய்ஸ் கேன்சலிங் பட்ஸ், முழுப் பணம் கட்டி வாங்கினான். பெட்டியில இருந்த மூணு முனையும் போட்டுப் பாத்து, இடது காதுக்குச் சின்னது, வலதுக்கு நடுத்தரம். போன்ல வால்யூம் லிமிட்டும் போட்டுட்டான். ஐபோன்லயும் சில ஆண்ட்ராய்டு போன்லயும் செட்டிங்ஸ்ல இதுக்கு வழி இருக்கு. ஐபோன்ல நீங்க எவ்வளவு சத்தமா கேட்டீங்கன்னு ஹெல்த் ஆப்லயே பாக்கலாம்.

ஒரே ஒரு கண்டிஷன் மட்டும் போட்டேன். பைக் ஓட்டும்போதும், தண்டவாளமோ ரோடோ கடக்கும்போதும் ரெண்டு காதுலயும் எதுவும் இருக்கக்கூடாது. காதை நல்லா அடைக்கிற எதுவும் ஹாரனையும் சேத்துத்தான் அடைக்கும்.

நான் இப்போ 1,800 ரூபாய் வயர்டு இன்-இயரும் ஒரு டாங்கிளும் வெச்சிருக்கேன். அதே ட்ரெயின், அதே கதவுப் பக்கம். வால்யூம் பாதிக்குக் கீழதான். 2011லயே யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். போன், பைக், வேலை எதை வேணும்னாலும் மாத்திக்கலாம். காது ஒரே ஒரு செட்தான், அதுக்கு வாரண்டியும் இல்ல.

உங்க காதுல ஏற்கெனவே இரைச்சல் ஓடுதுன்னா, இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு புது ஹெட்போன் தேடாதீங்க. முதல்ல ஒரு இஎன்டி டாக்டரைப் பாத்துடுங்க.

நீங்க கடைசியா வாங்கின ஹெட்போனுக்கு மணிக்கு எவ்வளவு வருதுன்னு கணக்கு போட்டு கமெண்ட்ல சொல்லுங்க. இஎம்ஐ கணக்கை எக்ஸெல்ல எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டறேன். அதுவரைக்கும் வால்யூமை ரெண்டு புள்ளி குறைச்சு வெச்சுக்கோங்க.